கணினிக் கேள்வி–பதில்: பழைய ‘ணை’க்குத் தனி விசை உண்டா?

கேள்வி: 1960-களில் அச்சான தலபுராணம் ஒன்றை, அந்தக் கால எழுத்து மாறாமல் மறுபதிப்புச் செய்து தரக் கேட்கிறார்கள். பழைய ணா, லை, னை எல்லாம் யுனிகோடில் எங்கே இருக்கின்றன? எந்த விசையில் வரும்?
– அச்சக உரிமையாளர், அரூர்

பதில்: தனி விசை இல்லை. தமிழ்நாடு அரசின் 1978 அரசாணையால் வடிவம் மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. யுனிகோடு எண் கொடுப்பது எழுத்துக்கு, அதன் உருவத்துக்கு அல்ல. பழைய ணையும் புதிய ணையும் கணினிக்கு ஒன்றுதான். வழக்கம்போல் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுங்கள். ணை, லை போன்றவற்றைப் பழையபடி துதிக்கை போட்டுக் காட்டுவது எழுத்துருவின் பொறுப்பு.

ஓப்பன்டைப் (இன்றைய எழுத்துருக் கோப்புகளின் பொது வடிவம்) எழுத்துருவுக்குள் மாற்று உருவங்களுக்கென்றே ஜிசப் என்றோர் அட்டவணை உண்டு. அதில் ‘ஸ்டைலிஸ்டிக் செட்’ எனும் மாற்று உருவத் தொகுப்புகளை 1 முதல் 20 வரை வைக்கலாம். எழுத்துரு செய்பவர் 13 எழுத்துக்கும் 13 உருவம் வரைய வேண்டியதில்லை, ஏழு போதும்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. ணொ என்பது ஒற்றைக் கொம்பும் ணாவும் சேர்ந்ததுதானே. ணா மாறினால் ணொ, ணோ தாமாக மாறிவிடும்.

அப்படிச் செட் உள்ள எழுத்துருவை இயக்க, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரெஆபீஸ் 6.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போதும். சொற்களைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் → கேரக்டர் → ஃபான்ட் போங்கள். அங்கே ‘ஃபீச்சர்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: ‘வெஸ்டர்ன்’ பகுதியிலுள்ள பொத்தான் ஆங்கிலத்தை மட்டுமே மாற்றும். தமிழுக்கு, ‘சி.டி.எல்.’ (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) பகுதியிலுள்ளதை அழுத்த வேண்டும். அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால் டூல்ஸ் → ஆப்ஷன்ஸில் மொழிப் பிரிவுக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ கட்டத்தில் டிக் போடுங்கள்.

பட்டியலில் செட் தெரிந்தும் எழுத்து அசையவில்லையா? தவறு பெரும்பாலும் எழுத்துருவில்தான். அதை, எழுத்துரு திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து எலிமென்ட் → ஃபான்ட் இன்ஃபோ → லுக்கப்ஸ் (உருவம் மாற்றும் விதிகள்) பாருங்கள். தமிழ் எழுத்துமுறைக்கு ஓப்பன்டைப்பில் இரண்டு அடையாளங்கள்: பழையது டி.ஏ.எம்.எல்., புதியது டி.எம்.எல்.2. செட்டை லத்தீனுக்கு (ஆங்கில எழுத்துமுறைக்கு) மட்டும் பதிந்துவிட்டால் தமிழ் வரி அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு அடையாளங்களின் கீழும் பதிந்திருக்க வேண்டும்.

கேள்வி: லிப்ரெஆபீஸில் பழைய எழுத்தோடு அழகாக வந்த கோப்பை டாக்எக்ஸ் ஆக அனுப்பினேன். வாங்கியவர் வேர்டில் திறந்தால் எழுத்துருவே மாறிக் கிடக்கிறது. அதே எழுத்துரு அவரிடமும் இருக்கிறது. ஏன்?
– டி.டி.பி. பணியாளர், கிருஷ்ணகிரி

பதில்: எழுத்துருவின் உள்ளமைப்புக்குத் திறந்த தரநிலை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 14496-22 என்ற எண்ணில் 2007-இலேயே வந்துவிட்டது. ஆனால் ‘இந்த வரிக்கு இந்த செட்’ என்று ஆவணத்துக்குள் குறித்து வைப்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை. லிப்ரெஆபீஸ் அதை எழுத்துருவின் பெயரோடு முக்காற்புள்ளி போட்டு ஒட்டிவிடுகிறது. வேர்டு அந்த நீண்ட பெயரில் எழுத்துருவைத் தேடுகிறது, கிடைக்காமல் வேறொன்றைப் போட்டுவிடுகிறது. இந்தக் குறை தீர வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும்.

அச்சுக்கு மட்டும் என்றால் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். அனுப்புங்கள். திருத்தவும் வேண்டுமென்றால் பழைய வடிவமே இயல்பாக வரும் தனி எழுத்துரு செய்துகொள்வது மேல். ஃபான்ட்ஃபோர்ஜில் அந்த லுக்கப்பின் அடையாளத்தை ஸ்டைலிஸ்டிக் செட்டிலிருந்து ‘பி.ஆர்.இ.எஸ்.’ என்று மாற்றி, வேறு பெயரில் ஜெனரேட் செய்யுங்கள். தமிழைச் சரியாகக் காட்டும் எந்த மென்பொருளும் இதைத் தானாகவே இயக்கும். செட்டை நிரந்தரமாக்கித் தரும் ‘ஃபீச்சர் ஃப்ரீசர்’ கருவி இங்கே உதவாது. அது ஓர் உருவத்துக்குப் பதில் இன்னோர் உருவம் வைக்கும், அவ்வளவே. ணா என்பதோ இரண்டு உருவம் சேர்ந்து ஒன்றாவது.

உரிமத்தையும் பாருங்கள். எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமம் திருத்த அனுமதிக்கிறது. ஆனால் ஒதுக்கப்பட்ட பெயர் என்று அறிவித்திருந்தால் அதே பெயரை வைக்கக் கூடாது.

கேள்வி: மாங்கூழ் லேபிளுக்கு வாங்கிய ஆங்கில எழுத்துருவின் வால் நீண்ட எழுத்துகள் கோரல்டிராவில் வருகின்றன, வேர்டில் வரவில்லை.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அவை ‘ஸ்வாஷ்’ என்ற பிரிவில் இருக்கும். வேர்டில் ஃபான்ட் → அட்வான்ஸ்ட் பகுதியில் ஸ்டைலிஸ்டிக் செட் உண்டு, ஸ்வாஷுக்கு இடமில்லை. லேபிள் வேலையைக் கோரலிலேயே முடியுங்கள். செட்டும் மங்கலாகத் தெரிந்தால் கோப்பு பழைய டாக் வடிவில் இருக்கிறது. டாக்எக்ஸ் ஆக மாற்றுங்கள்.

கேள்வி: யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் (அவரவர் விருப்பப்படி எழுத்து வைத்துக்கொள்ளும் இடம்) பழைய எழுத்துகளை வைத்து ஒரு எழுத்துரு கிடைத்தது. பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ‘மலை’ என்று தேடினால் ஒரு பக்கமும் சிக்காது, அகரவரிசை குலையும், படித்துக்காட்டும் மென்பொருள் அந்த எழுத்தை விட்டுவிடும். எழுத்துருவை மாற்றினால் வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும். ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தால் ஃபைண்ட்–ரீப்ளேஸில் ஒவ்வொரு பழைய உருவத்தையும் உரிய யுனிகோடு எழுத்தாக மாற்றிவிடுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துகளை (ணொ, ணோ போன்றவை) முதலில் மாற்றுங்கள், பிறகு ணா, றா, னா. வரிசை தவறினால் ணொ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு தனியாக நிற்கும்.