வாசகர் கேள்வி: சோளமும் குக்கரும் இருந்தால் காளான் வித்து ஆகிவிடுமா?

கேள்வி: வீட்டின் பின்கட்டில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வரும் பணத்தில் பெரும்பகுதி வித்து வாங்கவே போய்விடுகிறது. வித்தை நாமே மலிவாகத் தயாரிக்க முடியாதா? இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் சோளம் புளித்து நாறிவிட்டது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முடியும். ஆனால் தாய் வித்தை, அதாவது ஆய்வுக்கூடத்தில் தூய காளான் பூசணத்தைப் பரவவிட்ட தானியத்தை, மட்டும் விலைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். காளானிலிருந்து திசுவெடுத்துத் தூய பூசணமாக வளர்ப்பது ஆய்வுக்கூட வேலை. அதை வீட்டில் செய்யப் போனால் மிச்சப்படுவதைவிட வீணாவதே அதிகம். ஒரு தாய் வித்துப் புட்டியை இருபது, முப்பது படுக்கை வித்துப் பைகளுக்கு (காளான் படுக்கையில் நேரடியாகத் தூவும் வித்து இதுதான்) பங்கிடலாம் என்பதால், அதற்குக் கொடுக்கும் விலை பெரிய செலவாகத் தெரியாது. நீங்கள் செய்யும் படுக்கை வித்திலிருந்தே மேலும் மேலும் பெருக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு, மூன்று தலைமுறைகளுக்குள் வீரியம் குறைந்துவிடும்.

சோளம் புளித்ததற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஈரம் மிஞ்சியிருக்கும், அல்லது சூடு போதாமலிருந்திருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். வெள்ளைச் சோளத்தைக் கழுவி, மிதப்பவற்றை அகற்றி, இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அரைவேக்காடாக வேகவையுங்கள். ஊறவைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: உறங்கிக்கிடக்கும் பாக்டீரியா ஸ்போர்கள் (சூட்டைத் தாங்கும் நுண்விதைகள்) விழித்து முளைக்கத் தொடங்கிவிட்டால், பிறகு சூட்டில் எளிதாக மடியும். வெந்த மணியை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது நசுங்க வேண்டும். ஆனால் தானாக வெடித்திருக்கக் கூடாது. வெடித்த மணியிலிருந்து வழியும் கஞ்சிதான் பாக்டீரியாவுக்கு விருந்து. நானும் முதல் முறை சோளத்தைக் குழையவிட்டு, பொங்கலைப் பையில் அடைத்தவன்தான்.

நீரை வடித்துவிட்டு, துவைத்து உலர்த்திய பருத்தி வேட்டியில் நிழலில் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடியை அள்ளிச் செய்தித்தாளில் வைத்து எடுத்தால் தாளில் ஈரத்தடம் விழாத நிலைதான் சரியான பதம்: உள்ளே ஈரம், வெளியே உலர்வு. அப்போது, வேகவைப்பதற்கு முன் எடையிட்ட ஒரு கிலோ சோளத்துக்கு 20 கிராம் என்ற அளவில் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்துவிடுங்கள்; மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, புளிப்பும் மட்டுப்படும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு இதற்கு மாற்றாகாது. அதன் காரத்தன்மை மிகுதி. விதைக் கடையில் சாயம் பூசி விற்கும் விதைச் சோளத்தைத் தொடவே வேண்டாம். அதில் தடவியிருக்கும் பூசணக்கொல்லி உங்கள் காளானையும் சேர்த்தே கொன்றுவிடும்.

பை பாலிப்புரோப்பிலீனாக இருக்க வேண்டும். சாதாரண பாலித்தீன் பை குக்கர் சூட்டில் இளகிவிடும். பையில் முக்கால் பங்கு நிரப்பி, வாயைப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றின் வழியே இழுத்து மடித்து, நீர் உறிஞ்சாத பஞ்சால் அடைத்து, மேலே தாள் சுற்றிக் கட்டுங்கள். குக்கரின் அடியில் தட்டு வைத்து, பைகள் நீரில் படாமலும் ஆவித் துளையை மறைக்காமலும் அடுக்குங்கள். அழுத்தம் ஏறியபின் அடுப்பைச் சிம்மில் வைத்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். விசில் கணக்கு இங்கே உதவாது. நீர் வற்றிவிடக் கூடாது என்பதால் சிறு குக்கரில் இதை முயல வேண்டாம்.

பைகள் இரவெல்லாம் குக்கருக்குள்ளேயே ஆறட்டும். மறுநாள் காலை ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே விளக்கை ஏற்றுங்கள். ஸ்பிரிட் ஈரத்தோடு சுடரருகே கை போகக் கூடாது. சுடரை ஒட்டியே பஞ்சை எடுத்து, ஒவ்வொரு பைக்கும் ஒரு கரண்டி தாய் வித்தை இட்டு, உடனே பஞ்சை அடைத்துக் குலுக்குங்கள். அறைவெப்பம் 25 டிகிரியை ஒட்டியிருந்தால் இரண்டு வாரங்களில் காளான் பூசணம் பரவிப் பை வெண்மையாகிவிடும்.

1932-இல் அமெரிக்காவில் சின்டன் என்ற காளான் ஆய்வாளர் தானிய வித்துக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன் சாண மக்கில்தான் வித்து வளர்த்தார்கள். தானியத்தில் ஒவ்வொரு மணியும் தனித்தனி வித்தாகப் படுக்கையெங்கும் சிதறும் என்பதே அவர் முறையின் சிறப்பு. மணிகள் குழைந்து கட்டிபட்டால் அந்தச் சிறப்பே போய்விடும்.

கேள்வி: குக்கருக்குப் பதில் இட்லிப் பானையில் அவிக்கலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: திறந்த ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, குக்கரில் அது 121 டிகிரியை எட்டுகிறது. அந்த வேறுபாட்டில்தான் பாக்டீரியா ஸ்போர்கள் சாகின்றன. மூன்று நாள்கள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு மணி நேரம் அவிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. இடைப்பட்ட இரவுகளில் முளைப்பவை மறுநாள் மடியும். ஆனால் எரிபொருள் செலவைக் கணக்கிட்டால், அக்கம்பக்கத்தில் பெரிய குக்கரை இரவல் வாங்குவதே மேல்.

கேள்வி: ஒரு பையின் மூலையில் மட்டும் பச்சை தெரிகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா? (வாசகி, ஓசூர்)

பதில்: கூடாது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும்போதே பூசணம் தூள் பரப்பத் தயாராகிவிட்டது. அறைக்குள் பையைப் பிரிக்காமல் அப்படியே குக்கரில் அவித்து, பிறகு எருக்குழியில் கொட்டிவிடுங்கள். பக்கத்துப் பைகளைத் தள்ளிவைத்து ஒரு வாரம் கவனியுங்கள்; அவற்றிலும் பச்சை வந்தால், அடுத்த முறை பஞ்சு நனைந்திருந்ததா என்பதை முதலில் பாருங்கள்.