வெயில் காலத்தில் ரோஜாவை எடை போடுவது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ரோஜாவைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்களை முழுவதும் ரோஜாவுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் உள்ள ‘பீஸ்’ ரோஜா குளிர் மாதங்களில் உள்ளங்கை நிறையப் பூத்தது. மஞ்சள் இதழ்களின் ஓரத்தில் இளஞ்சிவப்பு அழகாக ஓடியிருந்தது. அதே செடி இப்போது பாதி அளவில், ஏறக்குறைய வெள்ளையாகப் பூக்கிறது. காலையில் விரிந்த பூ மாலைக்குள் கலைந்துவிடுகிறது. செடி கெட்டுவிட்டதா? வேறு ரகத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். உங்கள் செடிக்கு எந்தக் கேடும் நேர்ந்ததாகத் தெரியவில்லை; வெயில் காலத்தில் ரோஜா எப்படிப் பூக்குமோ அப்படித்தான் அது பூக்கிறது.

கவாத்து செய்த, அதாவது நறுக்கிவிட்ட கிளையில் துளிர் விட்டு, தண்டு நீண்டு, மொட்டு கட்டி, பூ விரிவதற்கு மிதமான பருவத்தில் 6 முதல் 8 வாரங்கள் ஆகின்றன. வெப்பம் கூடும்போது இந்தக் காலம் சுருங்குகிறது. மொட்டுக்குள் இதழ்கள் உருவாகும் கட்டத்திலேயே வெப்பம் மிகுந்திருந்தால் இதழ்களின் எண்ணிக்கையும் குறைந்துபோகும். போதாததற்கு, இரவும் தணியாமல் புழுங்கினால், பகலில் இலைகள் சேர்த்த சர்க்கரையின் பெரும்பகுதியைச் செடி தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடுகிறது. பூவுக்கென்று எஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே அவசரமாகவும் குறைந்த உணவிலும் உருவான பூ சிறியதாக இருப்பதில் வியப்பில்லை.

நிறத்துக்கும் காரணம் உண்டு. சிவப்பையும் இளஞ்சிவப்பையும் தருகிற ஆந்தோசயனின் என்னும் நிறமி வெப்பம் மிகுந்தால் குறைவாகவே உருவாகிறது. மஞ்சளைத் தருகிற கரோட்டினாய்டுகள் கடும் வெயிலில் வெளுத்துவிடுகின்றன. ‘பீஸ்’ ரோஜாவோ இவ்விரண்டையும் நம்பியே அழகு பெறுகிறது. 1945-இல் இப்பெயரில் அறிமுகமான நாள் முதல் இது பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும் ரோஜாவாகவே அறியப்பட்டிருக்கிறது. அடர்சிவப்பு ரோஜாக்களின் துன்பம் வேறு வகையானது: கரிய நிறம் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்வதால் அவற்றின் வெளி இதழ்களின் ஓரம் கருகி, தொட்டால் காகிதம்போல நொறுங்கும்.

ஆனால் வெயில் எல்லா ரோஜாக்களின் நிறத்தையும் பறித்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1977-இல் வெளிவந்த ‘டபுள் டிலைட்’ ரகத்தின் வெண்மையான இதழ்களில் படரும் சிவப்பு, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் பட்டால்தான் நன்றாக ஏறும். சீன ரோஜா வகையைச் சேர்ந்த ‘முடாபிலிஸ்’ மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, பிறகு கருஞ்சிவப்பாக முதிரும். எனவே, வெயிலில் வெளிறியது மட்டமான ரகம் என்றும், வெளிறாதது உயர்ந்த ரகம் என்றும் முடிவுகட்டுவது பொருந்தாது. கோடையில் ஒரு ரோஜாவை எடை போட வேண்டுமானால் பூவைப் பார்ப்பதற்கு முன் இலையைப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இலைகள் உதிராமல், அடிக்கிளை வரை பசுமையாக நிற்கிற செடி, வெப்பம் தணிந்த முதல் சுற்றிலேயே பழைய பூவைத் திருப்பித் தந்துவிடும்.

கேள்வி: நானும் என் தங்கையும் ஒரே ரகத்தை வளர்க்கிறோம். அவளுடைய பூ பெரிதாக இருக்கிறது; என்னுடையது சிறுத்துப் போகிறது. வேறு ரகங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: மிகவும் நல்ல கேள்வி. பலர் வெவ்வேறு வயதுள்ள, வெவ்வேறு அளவுத் தொட்டிகளில் வளரும் செடிகளை ஒப்பிட்டுவிட்டு ரகத்தின்மீது பழி சுமத்துகிறார்கள்.

முதலில், இரண்டு செடிகளும் ஒட்டுச்செடிகளா, அல்லது ஒன்று ஒட்டுச்செடியும் மற்றது தன் வேரிலேயே வளர்ந்த பதியனுமா என்று பாருங்கள். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றலில் பாதி, ரகத்தை ஒட்டுக் கட்டுவதற்கு வேராகப் பயன்படும், அடியில் இருக்கும் வேர்ச்செடியைப் பொறுத்தது. ஒரே ரகம் இருவேறு வேர்ச்செடிகளின்மேல் இருவேறு விதமாக நடந்துகொள்ளும். அடுத்து, வயதைப் பாருங்கள். நட்டு ஓராண்டுகூட ஆகாத செடியை மூன்றாண்டுச் செடியோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதன் பிறகு தொட்டியின் அளவு, மண்கலவை, ஒரு நாளில் நேரடி வெயில் விழும் நேரம் ஆகியவை இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காலை வெயில் 6 மணி நேரம் பெறும் செடியும், மேற்கு நோக்கிய சுவரோரத்தில் பிற்பகல் வெயில் 6 மணி நேரம் பெறும் செடியும் ஒன்றல்ல. சுவர் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இருட்டிய பிறகும் செடியின்மீது வீசிக்கொண்டிருக்கும்.

இவை சமமாகிவிட்டால் இரண்டு செடிகளிலும் ஒரே நாளில் கவாத்து செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே நிலையில் உள்ள மொட்டைத் தேர்ந்தெடுங்கள். பச்சைப் புல்லி இதழ்கள் பின்னோக்கி மடிந்து, முதல் இதழ் நுனி சற்றே விலகி நிற்கிற நிலை அதற்குப் பொருத்தமானது. அந்தக் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, பூ முழுதாக விரிந்த காலையில் அதன் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள். முதல் இதழ் உதிரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பூவின் இதழ்களை எண்ணிப் பார்த்தால், அதே செடி குளிர் மாதத்தில் தரும் இதழ்களோடு ஒப்பிடலாம். நிறத்தைக் காலை வேளையில், நிழலில் வைத்துப் பாருங்கள். நண்பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எல்லா ரோஜாவும் வெளிறித்தான் தெரியும். ஒரு பூவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாமல், ஒரு பூச்சுற்று முழுவதையும் பார்த்து, அடுத்த சுற்றுக்குச் செடி எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் ஒப்பீட்டை எவரும் குறைசொல்ல முடியாது.

இரு ரகங்களைத் தம்முள் ஒப்பிடுவதைக் காட்டிலும், ஒரே செடியின் கோடைப் பூவை அதன் குளிர்காலப் பூவோடு ஒப்பிடுவது அதிகம் கற்றுத்தரும். 10 சென்டிமீட்டர் பூ 8 ஆகக் குறைந்திருந்தால் அது வெயிலைத் தாங்கும் ரகம். 5 ஆகிவிட்டிருந்தால், ரகமோ அது நிற்கும் இடமோ ஒத்துவரவில்லை என்று பொருள்.

கேள்வி: மதியத்தில் இலைகள் தொங்கிவிடுகின்றன. பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இன்னும் அதிகம் ஊற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் தண்ணீரை உடனே குறையுங்கள். உச்சி வெயிலில் இலைகள் வெளியிடும் நீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது, மண் ஈரமாக இருந்தாலும் இலை தளரும். மாலையில் வெயில் சாய்ந்ததும் அது தானாக நிமிர்ந்துவிட்டால் செடிக்குத் தாகம் இல்லை. மறுநாள் காலையிலும் தொங்கியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதல் வேலை மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பதுதான். உள்ளே ஈரம் இருந்தும் செடி வாடியிருக்கிறது என்றால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். தண்ணீர் ஊற்ற ஊற்ற அது மோசமாகும்.

அடிக்கடி சிறிதளவு ஊற்றுவதைவிட, அதிகாலையில் ஒரே முறை, தொட்டியின் அடித்துளையில் நீர் வடியும்வரை நின்று ஊற்றுவது நல்லது. நிலத்தில் நட்ட செடிக்கு ஈரம் ஓர் அடி ஆழத்துக்காவது இறங்க வேண்டும். மேல் மண் மட்டும் நனைந்தால் வேர்களும் மேலேயே படர்ந்து, அடுத்த வெயிலில் வெந்துபோகும். மண்கலவை முற்றிலும் காய்ந்து தொட்டியின் ஓரத்தைவிட்டுச் சுருங்கியிருந்தால், ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே இறங்கி அடியில் வடிந்துவிடும், வேர்ப்பந்து நனையாது. அந்நிலையில் தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுங்கள்.

காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் என எது கிடைத்தாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடைவெளி விடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தைப் பிற்பகலில் தொட்டுப் பாருங்கள். கையே பொறுக்காத அந்தச் சூட்டில், உட்சுவரை ஒட்டியுள்ள மெல்லிய வேர்கள் பிழைப்பதில்லை. அதை அப்படியே ஒரு பெரிய மண்தொட்டிக்குள் வைத்து, இடைவெளியைத் தேங்காய் நாரால் நிரப்பி நனைத்துவிட்டால் போதும். அல்லது தொட்டிகளை நெருக்கமாக வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின்மீது விழச் செய்யலாம். பிற்பகலுக்கு மட்டும் 30 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் வலையைக் கட்டினால், பூவின் ஆயுளிலேயே அதன் பலனைக் காண்பீர்கள்.

கேள்வி: இலைகளில் ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளிகள். வேப்பெண்ணெய்க் கரைசலை நண்பகலில் தெளித்தேன், இலைகள் கருகிவிட்டன. என்ன நோய் இது?

பதில்: நோய் அன்று, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் செஞ்சிலந்திக்கே உரியவை. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசி மெல்ல நகர்ந்தால் அது செஞ்சிலந்திதான். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். இது எட்டுக் கால் உயிரி, பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே பொதுவான பூச்சிக்கொல்லிகள் பல இதை அழிப்பதில்லை. மாறாக, இதைத் தின்று வாழும் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று இதன் பெருக்கத்துக்கு வழிவிடுகின்றன.

சிறந்த மருந்து தண்ணீர்தான். அதிகாலையில் இலைகளின் அடிப்பக்கத்தில் விசையாக நீரைப் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் தொடருங்கள். காலையில் செய்தால் இலைகள் விரைவில் உலர்ந்துவிடும். கரும்புள்ளி நோய்க்கான பூஞ்சை முளைப்பதற்குப் பல மணி நேரம் தொடர்ந்த ஈரம் தேவை என்பதால் அந்த அச்சமும் வேண்டாம். எண்ணெய்க் கரைசலையும் கந்தகத்தையும் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் இருக்கும் வேளையில் தெளிக்கக் கூடாது. உங்கள் இலைகள் கருகியதற்கு அதுவே காரணம். கருகிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட வேண்டாம். பாதிப் பச்சை எஞ்சியிருந்தாலும் அவை செடிக்கு உணவு தருகின்றன, தண்டுக்கு நிழலும் தருகின்றன.

கேள்வி: கோடையில் கவாத்து செய்யலாமா? உரம் இடலாமா?

பதில்: கடுங்கவாத்து கூடாது. இலைகளை இழந்த தண்டின் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். வாடிய பூவை மட்டும், அதன் கீழுள்ள முதல் நல்ல இலையை ஒட்டி நறுக்குங்கள். உரத்தைப் பாதி அளவாகக் குறைத்து, மண் நனைந்த பிறகே இடுங்கள். வெப்பம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் நிறுத்திவிடுவதே நலம். இளஞ்செடியாக இருந்தால், மொட்டுகளையும் கிள்ளிவிட்டுச் செடிக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: வெயிலைத் தாங்கும் ரகங்கள் என எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்? மணமும் வேண்டும்.

பதில்: சீன ரோஜாக்களும், அவற்றின் வழிவந்த பழைய டீ ரோஜாக்களும் வெப்பத்தில் மற்றவற்றைக் காட்டிலும் நன்றாக நிற்கின்றன. ‘ஓல்டு பிளஷ்’ அவற்றுள் நம்பத்தக்கது. கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாக்களில் 1958-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘ஐஸ்பெர்க்’ வெண்மையானது என்பதால் நிறம் வெளிறும் கவலை இல்லை. ஒரு பூ உதிர்ந்தாலும் கொத்தில் அடுத்தது விரிந்துகொண்டிருக்கும். நீண்ட காம்பில் பெரும்பாலும் ஒற்றைப் பெரிய பூவாகப் பூக்கும் ஹைப்ரிட் டீ வகையில் தேர்ந்தெடுக்கும்போது, இதழ் தடித்தும் அடுக்கு மிகுந்தும் உள்ளவற்றைப் பாருங்கள். ஐந்தாறு இதழே கொண்ட பூ வெயிலில் சில மணி நேரத்தில் மலர்ந்து தளர்ந்துவிடும். 40 இதழுக்கு மேல் கொண்டது ஒவ்வோர் அடுக்காக நிதானமாக விரியும்.

மணத்தைப் பொறுத்தவரை, அதைத் தருபவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள். பிற்பகலில் முகர்ந்துவிட்டு மணமில்லை என்று எழுதுபவர்கள் பலர். சூரியன் எழுந்த ஓரிரு மணி நேரத்துக்குள், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: ஒட்டுச்செடியின் ஒரு கிளை மட்டும் இந்த வெயிலிலும் படுவேகமாக வளர்கிறது, மற்ற கிளைகள் காய்கின்றன. மகிழ்ச்சி அடையலாமா?

பதில்: அது எங்கிருந்து கிளம்புகிறது என்று உடனே பாருங்கள். ஒட்டுக் கட்டிய புடைப்புக்கு மேலே இருந்தால் மகிழ்ச்சிதான். அதை நம்பிச் செடியை மீட்டுவிடலாம். புடைப்புக்குக் கீழே இருந்தால் அது வேர்ச்செடியின் காட்டுத் துளிர். இலைக்கொத்தில் ஏழு சிற்றிலைகள் இருந்தால் காட்டுத் துளிர் என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல ரகங்கள் சிலவற்றிலும் ஏழு இருக்கும். மண்ணைச் சிறிது விலக்கி, துளிர் தோன்றும் இடத்தைக் கண்ணால் கண்டு உறுதி செய்துகொண்டு, அதைக் கத்தரியால் வெட்டாமல் அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் இரண்டு மூன்றாகக் கிளைக்கும். காய்ந்த கிளைகளின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம்வரை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் நறுக்கி, நிழலுக்கு மாற்றிவையுங்கள்.