மெக்கெய்ன் மீது சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அப்படி என்ன கோபம்?

கேள்வி: போர்க்கைதியாக வியட்நாமில் அடிபட்டு மிதிபட்டு வந்த அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் போன்ற மிதவாதியை, அவருடைய குடியரசுக் கட்சியின் பழமைவாத வாக்காளர்களே காலை வாரிவிட்டதால்தான் 2008-ல் ஒபாமா ஜெயித்தார் என்கிறார் என் நண்பர். வெறி பிடித்த கூட்டத்துக்கு நல்ல மனிதரை எப்படிப் பிடிக்கும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் நண்பர் சொன்னதும் தவறு, நீங்கள் கேட்ட விதமும் தவறு. நீங்கள் கேட்ட விதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், என்னை அதிகம் உறுத்துவது அதுதான். கட்சி நிறுத்துகிற ஆள் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வாக்காளர் சொன்னால் போதும், உடனே வெறியர் என்று முத்திரை குத்திவிடுகிறோம். அவர் பல வருஷமாக எதைக் கேட்டார், அவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதே இல்லை.

மெக்கெய்னுக்கு ‘மிதவாதி’ என்ற பட்டமே பாதிதான் பொருந்தும். கருக்கலைப்பு விஷயத்தில் வருஷக்கணக்காக எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்று ஓட்டுப் போட்டவர் அவர். ராபர்ட்ஸ், அலிட்டோ என்ற இரண்டு பழமைவாத நீதிபதிகளும் உச்ச நீதிமன்றம் போக ஆதரவு கொடுத்தார். இராக்குக்கு இன்னும் படை அனுப்பியே ஆகவேண்டும் என்று 2007-ல் நாடே முகம் சுளித்தபோதும் விடாமல் பேசினார். கொள்கையை மட்டும் தராசில் வைத்தால் பழமைவாதிகள் இவர்மேல் இவ்வளவு கசந்துபோகக் காரணமே கிடையாது. அப்படியிருந்தும் கசந்தார்கள் என்றால், கொள்கையைத் தாண்டி என்னவோ நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு வழக்கைச் சொல்கிறேன், அதிலேயே முக்கால்வாசி புரிந்துவிடும். 2004-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் கருக்கலைப்பை எதிர்க்கும் ஓர் அமைப்பு வானொலியில் ஒரு விளம்பரம் கொடுத்தது. திருமணச் சடங்கு நடக்கிறது, ‘பெண்ணைத் தாரைவார்ப்பவர் யார்?’ என்று போதகர் கேட்கிறார், பெண்ணின் அப்பா அதற்குப் பதில் சொல்லாமல் வீட்டுச் சுவருக்குப் பலகை அடிப்பது எப்படி என்று விளக்க ஆரம்பிக்கிறார். இப்படித்தான் வாஷிங்டனில் சில செனட்டர்கள் நீதிபதி நியமனங்களை ஓட்டெடுப்புக்கே விடாமல் இழுத்தடிக்கிறார்கள், உங்கள் செனட்டர்கள் ஃபைன்கோல்டையும் கோலையும் கூப்பிட்டு இதை எதிர்க்கச் சொல்லுங்கள் என்பதுதான் விளம்பரம். ஃபைன்கோல்ட் அந்த வருஷம் தேர்தலில் நிற்கிறார். பிரைமரிக்கு (வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலுக்கு) முந்தைய 30 நாளிலும் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாளிலும் இப்படிப்பட்ட அமைப்புகள் தங்கள் பொதுநிதியிலிருந்து வேட்பாளர் பெயரைச் சொல்லி வானொலி, தொலைக்காட்சி விளம்பரம் செய்யக்கூடாது என்று 2002-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதனால் விளம்பரத்தை ஓட்ட முடியவில்லை. அந்தச் சட்டத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் மெக்கெய்ன்-ஃபைன்கோல்ட் சட்டம்.

அமைப்பு நீதிமன்றம் போனது. எதிர்த்தரப்பில் அரசின் தேர்தல் ஆணையம் இருந்தது, சரி, அது ஆணையத்தின் வேலை. ஆனால் மெக்கெய்னும் தானாக வந்து வழக்கில் சேர்ந்துகொண்டார். 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அமைப்பின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த அமைப்புக்கு வாராவாரம் பத்து டாலர், இருபது டாலர் அனுப்புகிற ஒரு தேவாலயத்துப் பெண்மணியாக உங்களை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பேச வந்ததே நீதிபதி நியமனத்தைப் பற்றி. வாயைக் கட்டியது உங்கள் கட்சி செனட்டர் பெயரிலேயே உள்ள சட்டம். நீதிமன்றத்தில் எதிரே நின்றவரும் அவரே. போதாததற்கு, 2005 மே மாதம் அதே நியமன விவகாரத்தில் இரு கட்சியிலும் ஏழேழு பேராகப் பதினான்கு செனட்டர்கள் சேர்ந்து சமரசம் செய்தார்களே, சில பேரை விடுகிறோம், சில பேருக்கு உத்தரவாதம் இல்லை என்று, அதிலும் மெக்கெய்ன் முன்வரிசையில் இருந்தார். இப்போது அவர் வந்து ஓட்டுக் கேட்டால் அந்தப் பெண்மணிக்குக் கோபம் வரக்கூடாதா?

இதற்கும் முன்னால் 2000-ல் ஒரு காயம் இருக்கிறது. அதிபர் வேட்பாளர் ஆவதற்காக அந்த வருஷம் புஷ்ஷோடு போட்டியிட்ட மெக்கெய்னுக்குத் தென் கரோலினா பிரைமரியில் நடந்தது அசிங்கம், அதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. வங்கதேசத்து அநாதை இல்லத்திலிருந்து அவர் தத்தெடுத்த மகளை வைத்தே கிசுகிசு பரப்பினார்கள். அந்த ஆத்திரத்தோடு அவர் வர்ஜீனியாவுக்குப் போய், பாட் ராபர்ட்ஸன், ஜெர்ரி ஃபால்வெல் என்ற இரண்டு பிரபல பழமைவாத மதபோதகர்களையும் சகிப்பின்மையின் ஏஜெண்டுகள் என்று மேடையில் சொன்னார். அதே பேச்சில் தன்னை ஆதரிக்காத இன்னொரு கிறிஸ்தவப் பழமைவாதத் தலைவர் ஜேம்ஸ் டாப்ஸனைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தார், ஆனால் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்ததெல்லாம் வசவுதான். பத்திரிகைகள் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதைத் தேவாலயத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2006-ல், அடுத்த போட்டிக்குத் தயாராகும்போது, அதே ஃபால்வெல்லின் லிபர்ட்டி பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் போய்ப் பேசினார். இவருக்கு நம் ஓட்டு வேண்டுமாம், நாம் வேண்டாமாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். 2008 பிப்ரவரியில் அந்த டாப்ஸனே, மெக்கெய்னுக்கு என் மனசாட்சிப்படி ஓட்டுப் போடமாட்டேன் என்று அறிக்கை விட்டார்.

வரி விஷயமும் அப்படியே. புஷ் கொண்டுவந்த 2001 வரிக்குறைப்புக்கு எதிராக இறுதியில் ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி செனட்டர்கள் இரண்டே பேர், ஒருவர் இவர். 2003-லும் எதிர்த்தார். 2008-ல் வேட்பாளர் ஆனதும் அந்தக் குறைப்பை நிரந்தரமாக்குவேன் என்றார்.

குடியேற்றம்தான் கடைசி அடி. ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து 2005-ல் கொண்டுவந்த மசோதா, அதன் தொடர்ச்சியாக 2007-ல் வந்த மசோதா, இரண்டும் அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களுக்குச் சட்டப்படி வழி திறப்பவை. 2007 ஜூனில் அந்த ஓட்டெடுப்பு நடந்த அன்று செனட்டின் தொலைபேசி இணைப்பகமே திணறிப்போகும் அளவுக்கு மக்கள் கூப்பிட்டார்கள், மசோதா 46-53 என்று விழுந்தது. எனக்கு அந்த மசோதாவில் உடன்பாடு உண்டு, மெக்கெய்ன் அங்கே மனிதாபிமானத்தோடு நடந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லோரையும் இனவெறியர்கள் என்று தள்ளிவிட்டு, எட்டு மாதம் கழித்து அதே ஆட்களிடம் கைநீட்ட முடியாது. 2008 பிப்ரவரி 7-ம் தேதி வாஷிங்டனில் நடந்த பழமைவாதிகள் மாநாட்டில் மிட் ராம்னி போட்டியிலிருந்து விலகினார், சில மணி நேரம் கழித்து அதே மேடையில் மெக்கெய்ன் ஏறினார். குடியேற்றம் என்ற பேச்சை எடுத்ததும் கூட்டம் கூச்சலிட்டது. அநேகமாகக் கட்சியின் வேட்பாளர் என்று முடிவாகிவிட்ட ஒருவருக்குக் கிடைத்த வரவேற்பு அது.

பெரும்பான்மை நாங்கள்தான், எங்கள் ஓட்டு சிதறியதால் இவர் உள்ளே நுழைந்துவிட்டார் என்று பழமைவாதிகளிடம் ஒரு புலம்பலும் உண்டு. அதில் பாதி உண்மை. 2008 தென் கரோலினா பிரைமரியில் மெக்கெய்ன் 33 சதவீதம், எதிர்த்து நின்ற ஹக்கபீ 30, தாம்ஸன் 16. தாம்ஸன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம். ஆனால் ஃப்ளோரிடாவில் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம், அங்கேயும் ராம்னியை 36-31 என்று மெக்கெய்ன் ஜெயித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கான 57 பிரதிநிதிகளையும் மொத்தமாக அள்ளினார். வெளியாட்கள் வந்து எங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற வாதம் அங்கே நிற்காது.

இப்போது உங்கள் நண்பருக்கு. காலை வாரவில்லை ஐயா. எக்ஸிட் போல் கணக்கைப் பாருங்கள். தன்னைப் பழமைவாதி என்று சொல்லிக்கொண்டவர்களில் 2004-ல் புஷ்ஷுக்கு 84 சதவீதம், 2008-ல் மெக்கெய்னுக்கு 78. தன்னை நடுநிலையாளர் என்று சொன்னவர்களில் புஷ்ஷுக்கு 45, மெக்கெய்னுக்கு 39. இரண்டு பக்கமும் சரியாக ஆறு புள்ளி சரிவு. பழமைவாதிகள் முறுக்கிக்கொண்டதால் தோற்றார் என்றால் நடுவில் இருப்பவர்களாவது கூடுதலாக வந்திருக்க வேண்டாமா, மிதவாதியை நிறுத்தியதன் பலனே அதுதானே? அவர்களும்தான் போனார்கள். புஷ்ஷின் செல்வாக்கு அதலபாதாளத்தில் கிடந்தது, இராக் போர் ஆறாவது வருஷத்தில் இருந்தது, செப்டம்பர் 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. அன்றைக்கே மெக்கெய்ன் பொருளாதாரத்தின் அடிப்படைகள் வலுவாக இருக்கின்றன என்று பேசினார், பத்து நாளுக்குள் பிரசாரத்தையே நிறுத்திவைத்துவிட்டு வாஷிங்டனுக்கு ஓடினார். அந்த இலையுதிர்காலத்தில் குடியரசுக் கட்சி சார்பில் யார் நின்றிருந்தாலும் கரையேறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பழமைவாதிகளைச் சமாதானப்படுத்த அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். துணை அதிபர் பதவிக்கு அவர் மனதில் இருந்தது ஜோ லீபர்மன், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர், முன்னாள் ஜனநாயகக் கட்சிக்காரர். மாநாட்டில் கலகமே வெடிக்கும் என்று பயந்து கட்சிக்காரர்கள் தடுத்தார்கள், அலாஸ்கா கவர்னர் சாரா பேலின் வந்தார். டாப்ஸன் மனம் மாறினார், கூட்டங்கள் நிரம்பின, நடுவில் இருந்தவர்கள் பலர் தயங்கினார்கள். லீபர்மனை எடுக்காதது தவறு என்று பிற்காலத்தில் மெக்கெய்னே எழுதினார்.

ஆனால் தோல்விக்குப் பிறகு அந்த வாக்காளர்கள் எடுத்துக்கொண்ட பாடத்தோடு எனக்குச் சண்டை உண்டு. மிதவாதியை நிறுத்தினால் தோல்விதான் என்றார்கள். 2012-ல் ராம்னி வந்தார், மாசசூசெட்ஸ் கவர்னராக ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு முன்மாதிரி போட்டவர், அதே பழைய குறை. இந்த முறை பழமைவாதிகளில் 82 சதவீதம் பேர் அவருக்குப் போட்டார்கள். வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களிடம் 2004-ல் புஷ் வாங்கிய அதே 78 சதவீதம் கிடைத்தது. அப்படியும் 206 தேர்வாளர் வாக்குகளோடு தோற்று நின்றார். வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட லட்சக்கணக்கான பழமைவாதிகள் என்ற கதையை இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது, ஆனாலும் சொன்னார்கள், வானொலியில் தினமும் சொன்னார்கள்.

இன்னொரு இடத்திலும் நான் அவர்களோடு இல்லை. 2008 அக்டோபர் 10, மின்னசோட்டாவில் லேக்வில் என்ற ஊரில் கூட்டம். ஒரு பெண்மணி எழுந்து, ஒபாமாவை நம்பமுடியாது, அவர் ஓர் அரபு என்றார். மெக்கெய்ன் மறுப்பாகத் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், அவரோடு எனக்கு அடிப்படை விஷயங்களில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். ஒபாமா அதிபரானால் நீங்கள் பயப்படத் தேவையில்லை என்று அங்கேயே இன்னொருவரிடம் சொன்னபோது சொந்தக் கூட்டமே கூச்சலிட்டது. அந்தக் கூச்சலுக்கு எந்தச் சட்டமும் எந்தப் பழைய வசவும் நியாயம் ஆகாது.

2015 ஜூலையில், பிடிபட்ட ஆள் எப்படி வீரர் ஆவார் என்ற தொனியில் டிரம்ப் மெக்கெய்னைக் கேவலமாகப் பேசினார். டிரம்ப் கதை இத்தோடு முடிந்தது என்று எல்லா நிபுணர்களும் எழுதினார்கள். கட்சி வாக்காளர்களுக்கு மெக்கெய்ன் மேல் எத்தனை வருஷத்து மனக்கசப்பு என்று தெரிந்தவர்கள் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். 2016 மார்ச்சில் மெக்கெய்னின் சொந்த அரிசோனாவிலேயே குடியரசுக் கட்சி பிரைமரியில் டிரம்ப்தான் ஜெயித்தார். அதே அரிசோனாவில் ஆகஸ்டில் செனட் பிரைமரி நடந்தது, வலப்பக்கத்திலிருந்து எதிர்த்து நின்றவரைத் தோற்கடித்து மெக்கெய்னைத் திரும்பவும் வேட்பாளர் ஆக்கினார்கள், நவம்பரில் ஆறாவது முறையாகச் செனட்டுக்கும் அனுப்பினார்கள்.