தாத்தா ஏறிய பனையும் பேரன் ஏறும் பாறையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பெங்களூரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்டேன். அங்கிருந்தபோது நண்பர்களோடு ஹம்பிக்குப் போய் போல்டரிங் பழகினேன். கயிறு இல்லாமல், கீழே மெத்தை விரித்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலான குண்டுப்பாறைகளில் ஏறுவது. இங்கே வடசேரியில் பஸ் ஏறி எந்தப் பக்கம் போனாலும் பாறை தெரிகிறது. முட்டம், மருந்துவாழ்மலை, சிதறால் என மூன்று இடங்களை நினைத்து வைத்திருக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

இன்னொன்று. என் தாத்தா பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, கடைசிப் பத்து ஆண்டுகள் திண்ணையிலேயே கிடந்தார். “ஏறாமல் இருக்கத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்” என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?

வாசகர், நாகர்கோவில்
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

அப்பாவின் அந்த ஒரு வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. காலில் தளைநார், இடுப்பில் அருவாள் பெட்டி, பருவம் தொடங்கிவிட்டால் அதே மரங்களில் காலையும் மாலையும் ஏற்றம். மழை பெய்து வழுக்கினாலும் ஏறியாக வேண்டும், ஏறாவிட்டால் அடுப்பு எரியாது. அப்படி ஏறியவர் விழுந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்த மகன் உங்கள் அப்பா. “அது வேறு, இது வேறு” என்று அவரிடம் வாதாடாதீர்கள். ஒரு நாள் கூடவே அழைத்துப் போங்கள். பாறை எவ்வளவு உயரம், கீழே என்ன விரித்திருக்கிறது, எப்படி இறங்குகிறீர்கள் என்பதை அவரே பார்க்கட்டும். வேண்டாம் என்று தோன்றும்போது ஏறாமல் திரும்பி வர உங்களால் முடியும். தாத்தாவுக்கு அது வாய்க்கவில்லை. அதையும் அப்பா பார்க்க வேண்டும்.

அவருடைய பயத்தில் நியாயமும் இருக்கிறது. கயிறு கட்டி ஏறுபவரைக் கயிறு தாங்கும். போல்டரிங்கில் ஒவ்வொரு முறை விழும்போதும் தரைக்குத்தான் வந்து சேர்கிறோம். இருபத்து நான்கு வயதில் ஏழடி உயரத்தில் கை நழுவி விழுந்தேன். உயரம் ஒன்றுமில்லை. புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கல்லின் மேல் குதிகால் பட்டது. போன மருத்துவமனையில் சுளுக்கு என்று சொல்லித் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் எலும்பு விரிசல் தெரிந்தது. இன்றும் வாடைக்காலத்தில் அந்தக் கணுக்கால் வலிக்கிறது. அதன்பின் பாறையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கப் பழகினேன். மெத்தையை எங்கே விரிக்க வேண்டும், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே கால் புகும் இடைவெளி இருக்கிறதா, கீழே நிற்பவர் தலையையும் தோளையும் காக்கும்படி கை உயர்த்தி நிற்கிறாரா என்று பார்த்த பிறகுதான் வியர்வை உறிஞ்சும் தூளைக் கையில் தேய்ப்பேன். தனியாக ஏறுவதே இல்லை.

இனி இடங்கள். சிதறாலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அங்குள்ள திருச்சாரணத்துமலை பழைய சமணர்களின் உறைவிடம். பாறை முகப்பில் தீர்த்தங்கரர்கள் சிற்பங்களாக அமர்ந்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் ஒரு பெண்துறவி அளித்த கொடை அங்கே கல்வெட்டாக இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. சட்டமே இல்லாவிட்டாலும் அந்தக் கல்லில் கால் வைக்க எனக்கு மனம் வராது. மருந்துவாழ்மலைக்கு நடந்து ஏறிப் போய் வாருங்கள், காற்றும் காட்சியும் அபாரம். ஆனால் நாராயண குரு தவமிருந்த குகையும், இன்றும் அமைதி தேடி வந்து உட்காருபவர்களும் உள்ள மலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு போய்க் கூச்சல் போடக் கூடாது.

முட்டம் அழகுதான். ஆனால் கடல் ஓரப் பாறை உப்பு ஈரத்தில் சோப்பு போட்டதுபோல் இருக்கும், பாசியும் படியும். அதைவிட, கள்ளக்கடல் என்ற சொல்லை மறக்காதீர்கள். எங்கோ தென்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து அடிக்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தோம். அலை எட்டும் பாறையில் ஏறவே வேண்டாம்.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் போங்கள். மேற்கை விட மழை குறைவு, கணவாய்க் காற்று பாறையைச் சீக்கிரம் உலர்த்திவிடும். வயலுக்கும் மலைக்கும் நடுவே பொத்தை எனும் சிறு குன்றுகளும் தனிக்கற்களும் நிறையக் கிடக்கின்றன. மலைச்சரிவு வனத்துறையுடையது என்றால் அனுமதி வேண்டும், பட்டா நிலம் என்றால் உரியவரிடம் கேளுங்கள். “சும்மா கல்லில் ஏறவா வந்தீர்கள்?” என்று வியப்பார்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். குளிக்கக் கிணற்றையும் காட்டுவார்கள்.

நம் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே அதிகம் கிடைப்பது சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இதே வகை, அது போனது நம் பல்லாவரத்திலிருந்து. அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். குவார்ட்ஸ் மணிகளும் கருமணிகளும் கலந்த சொரசொரப்பு, ஒரு மணி நேரத்தில் விரல் நுனித் தோலை உரித்துவிடும். வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகக் கழன்று வரும். பிடிக்குமுன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். இறுகிய இடம் ‘டிக்’ என்னும். கழன்ற இடம் காலிப் பானைபோல் ஒலிக்கும். அங்கே எடையைக் கொடுக்காதீர்கள்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக ஏறும் ஒரு கல் இருக்கிறது. பத்தடிதான். நடுவில் இடது கைக்கு அரைவிரல் ஆழத்தில் ஒரு வெடிப்பு, அதற்குப் பிறகு வழவழப்பு. வலது பாதத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து, உடலைக் கல்லோடு ஒட்டி எழ வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் முடியவில்லை. மாலையில் வெடிப்பு வியர்க்கும், காலை ஏழுக்குள் பிடித்தால் நிற்கும் என்று தெரிய அவ்வளவு நாள் ஆனது. ஆண்டுக்கு ஒருமுறை ஹம்பி போனால் இது தெரியவராது. பாரிஸ்காரர்கள் ஃபோன்டேன்ப்ளோ காட்டுக்கு வாராவாரம் போய்த்தான் இந்தக் கலையை வளர்த்தார்கள்.

வரும்போது நார்த் தூரிகை ஒன்று எடுத்து வாருங்கள். கருங்கல்லில், கையில் தேய்க்கும் மெக்னீசியத் தூள் வெள்ளையாகத் துருத்தித் தெரியும். ஒருமுறை துடைக்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஆடு மேய்க்கும் பெரியவர், “கல்லை அளந்து குறி போட்டிருக்கிறார்களே, குவாரிக்கா?” என்று கலங்கிப்போய்க் கேட்டார். நம் மாவட்டத்துப் பாறைகள் ஜல்லியாக லாரி ஏறுவதை அன்றாடம் பார்ப்பவர் அவர். அவர் முன்னாலேயே தேய்த்துக் கழுவினேன்.

துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை ஓயட்டும். தைப் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வாருங்கள். ஆரல்வாய்மொழி நிறுத்தத்தில் காலை ஆறரைக்கு நிற்கிறேன். என் மெத்தை ஓரம் கிழிந்துவிட்டது, உங்களுடையதையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி