கண் துடிப்பதை விடுங்கள், காலைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 53 வயது. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதமாக இடது கண்ணிமையும் கெண்டைக்கால் சதையும் துடிக்கின்றன. கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறது. யூடியூபில் பார்த்தால், இது தசைகளை முடக்கும் மோட்டார் நியூரான் நோயின் ஆரம்பம் என்கிறார்கள். கால் மரத்துப்போவதற்காக மருந்துக் கடையில் கேட்டு ஓராண்டாக இரண்டு வித நரம்புச் சத்து மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறேன். பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறவன் நான். போன வாரம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வீட்டுப் படி ஏறும்போதுதான் இடது காலில் செருப்பு இல்லாததைப் பார்த்தேன். எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. நான் படுத்த படுக்கையாகிவிடுவேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆரணி.

பதில்: நீங்கள் பயப்படும் நோய்க்கான அடையாளம் உங்கள் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த நோய் துடிப்போடு நிற்காது, பலவீனத்தைக் கொண்டுவரும். சட்டைப் பொத்தான் போட முடியாது, பாதம் தரையில் இழுபடும், பேச்சு குழறும், சதை கண்ணுக்குத் தெரியும்படி வற்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நோய் தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கும், தொடு உணர்வைப் பெரும்பாலும் தொடாது. உங்களுக்கோ உணர்வுதான் குறைந்திருக்கிறது.

கண்ணிமை துடிப்பது தூக்கக் குறைவாலும், காப்பி அதிகமானதாலும், ராத்திரி ஒரு மணிவரை கைபேசியில் நோய்களைத் தேடிக்கொண்டிருப்பதாலும் வருவது. கெண்டைக்காலும் அப்படியே. கையில் புடைத்துத் தெரிவது நரம்பே இல்லை. அது இரத்தக் குழாய். ‘நரம்பு ஊசி’, ‘நரம்புச் சுருட்டல்’ என்று நம் பேச்சு வழக்கில் நரம்பும் இரத்தக் குழாயும் ஒன்றாகிவிட்டன, அதனால் வரும் குழப்பம் இது. உண்மையான நரம்பு வெளிறிய கயிறுபோல உள்ளே ஓடுவது, தோலுக்கு வெளியே புடைத்துக்கொண்டு நிற்காது. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘ஷாக்’ அடிக்கிறதே, அதுதான் நரம்பு.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் செருப்பு கழன்றதை ஏதோ மறதி மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான்.

செருப்பில்லாமல் தார்ச்சாலையில் நடந்திருக்கிறீர்கள். கல், சூடு, மண் எதுவும் உங்களுக்கு எட்டவில்லை. பாதத்தின் உணர்வைச் சுமந்துவரும் நரம்பணுவின் உடல், கீழ்முதுகில் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து அதன் இழை கால் பெருவிரல் வரை நீள்கிறது, ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இழைக்கு வேண்டிய புரதமெல்லாம் முதுகுப்பக்கம் தயாராகி அவ்வளவு தூரம் பயணம் செய்து வர வேண்டும். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் இழையும் கெடுகிறது, அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கெடுகின்றன. கடைக்கோடி வயலுக்குத்தான் வாய்க்கால் தண்ணீர் முதலில் நின்றுபோகும். அதனால்தான் இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது மரமரப்பு. பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

பள்ளியில் நான்கு வகைத் திசுக்களைப் படித்திருப்பீர்கள்: எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. தோலின் மேற்பரப்பு எபிதீலியம். சுமார் ஒரு மாதத்தில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எலும்பு இணைப்புத் திசு, முறிந்தாலும் கூடிவிடும். நரம்பணு செத்தால் அதன் இடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை. அணு உயிரோடிருந்து இழை மட்டும் அறுபட்டால்கூட, அது மறுபடி வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தூரத்துக்கு எத்தனை நாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் கடை மாத்திரையில் கழித்த ஓராண்டு எனக்கு வலிப்பது இதனால்தான்.

அந்த மாத்திரைகளை இன்றோடு நிறுத்துங்கள். பி6 வைட்டமின் நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும். சில ‘நரம்பு’ மாத்திரைகளில் அதைப்போல பல மடங்கு இருக்கும். இரண்டு வகையை ஒன்றாக, மாதக்கணக்கில் விழுங்கினால் அதே பி6 உணர்வு நரம்புகளைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும். மரத்துப்போவதற்கு என்று வாங்கிய மாத்திரையே மரத்துப்போக வைக்கலாம். மருந்துக் கடைக்காரர் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தா கொடுத்தார்?

மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து அது. ஆனால் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு உணவிலுள்ள பி12 சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சைவ உணவுக்காரர் என்றால் பால், தயிரைத் தவிர உங்களுக்கு பி12 வரும் வழியும் குறைவு. கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா? இருட்டில் நடக்கச் சுவரைப் பிடிக்கிறீர்களா? ஆம் என்றால் பி12 குறைவை இன்னும் தீவிரமாகத் தேட வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து ஊசி போட்டால் பெருமளவு மீளும். காலம் கடந்தால் மீளாது. நீங்கள் ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகள் இரத்தப் பரிசோதனையில் பி12 அளவை உயர்த்திக் காட்டி மருத்துவரைத் திசைதிருப்பலாம். ஆகவே என்னென்ன எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யலாம். நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு கால்களிலும், ஓரிரு நொடி மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உங்கள் பாதம் ஆபத்தில் இருக்கிறது. எல்லாம் தெரிந்தாலும் இந்த வாரம் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும் சோதிப்பார். மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்ப்பார். ‘ஸ்கேன் எடுத்தால் போதும்’ என்று நீங்களாகப் போய் நிற்காதீர்கள்.

உணர்வில்லாத கால் என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் காய்ச்சல் என்று வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், அது கழலவில்லை. அடியிலிருந்து ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. மூன்று நாளாக அதோடுதான் நடந்திருக்கிறார், வலி இல்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் பக்கத்து ஊரிலேயே இதைப் புரியவைத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்த பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பியிருந்தது. அப்படியல்ல, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டுப் புண்ணாகித்தான் அவை அழிகின்றன என்று அவர் காட்டினார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இன்று நாங்கள் செய்யும் பாதுகாப்பு அந்தப் பாடத்தின் வழி வந்தது.

இந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வேண்டாம். வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடப்பதை உங்கள் பாதம் இப்போது தாங்காது. பக்தியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பிராகாரக் கல்தரையில் நண்பகலில் நடந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் போட்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன். கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள். வெந்நீரில் கால் ஊற வைக்காதீர்கள். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. சிறு கொப்புளமோ, சிவப்போ, ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்குவதோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வழியில் கழன்றதன் ஜோடியாக வீட்டில் கிடக்கும் அந்த வலது கால் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் எந்த இடம் அதிகம் அழுந்துகிறது என்பதை அதன் தேய்மானம் அவருக்குக் காட்டும்.