பயாப்சி ரிப்போர்ட்டில் ‘குரோனிக்’ என்று இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல். எண்டோஸ்கோபியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ‘குரோனிக் கேஸ்ட்ரைட்டிஸ், ஹெச்.பைலோரி பாசிட்டிவ், மெட்டாபிளாசியா இல்லை, டிஸ்பிளாசியா இல்லை’ என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயின் தொடக்கமா? சதை எடுத்த இடம் புண்ணாகிவிடாதா?

பதில்: இந்த ரிப்போர்ட் புற்றுநோய் என்று சொல்லவில்லை. கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ரிப்போர்ட்களை எழுதுவதே என் வேலை. உங்கள் சதைத் துண்டை வைத்த ஸ்லைடில், மைக்ரோஸ்கோப் வழியே, என்ன தெரிந்திருக்கும் என்று சொல்கிறேன்.

இரைப்பைச் சுவருக்கு நான்கு அடுக்குகள்: சளிச்சவ்வு, ரத்தக்குழாய்கள் ஓடும் தளர்வான அடுக்கு, தசை, வெளியுறை. இடுக்கி கிள்ளுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சளிச்சவ்வை மட்டும்தான். சில நாட்களில் ஆறிவிடும்.

அந்தச் சவ்வின் மேற்பரப்பு குழி குழியாக இருக்கும். குழிகளின் ஓரமெங்கும் சளி சுரக்கும் உயரமான செல்கள் நெருக்கியடித்து நிற்கும். சில நாட்களுக்கொருமுறை அவை உதிர்ந்து புதிதாக முளைக்கும். குழிகளுக்கு அடியில் சுரப்பிகள். அங்கே இளஞ்சிவப்பாக, நடுவில் மஞ்சள் கரு வைத்த முட்டைபோல் தெரிபவைதான் அமிலம் சுரக்கும் செல்கள். இரைப்பைக்குள் பிஹெச் 1 அல்லது 2, அதாவது கடும் அமிலம். சளிக்கு அடியில், செல்லை ஒட்டி, ஏறத்தாழ 7, கிட்டத்தட்ட தண்ணீர்போல. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சளிப்படலம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

ஹெச்.பைலோரி என்ற பாக்டீரியா குடியிருப்பதும் அந்தச் சளியில்தான். வளைந்த சிறு குச்சிகளாகக் குழி வாயில் ஒட்டியிருக்கும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இவற்றைக் கவனித்த ராபின் வாரனும் என்னைப்போல் ஸ்லைடு பார்ப்பவர்தான். இந்தக் கிருமியை அவருடன் சேர்ந்து ஆராய்ந்த டாக்டர் பாரி மார்ஷலுடன் அவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியை விரட்ட வந்த வெள்ளையணுக்களில் லிம்போசைட்டும் பிளாஸ்மா செல்லும் சுரப்பிகளுக்கு இடையே கூடியிருந்தால் ‘குரோனிக்’ என்று எழுதுவோம். நெடுநாளாக இருக்கிறது என்பதே அதன் பொருள், முற்றிவிட்டது என்பதல்ல. இரைப்பைக்குள் குடலின் செல்கள் முளைப்பதுதான் மெட்டாபிளாசியா. செல்களே உருமாறி ஒழுங்கு கெடுவது டிஸ்பிளாசியா. உங்களுக்கு இரண்டும் இல்லை; ரிப்போர்ட்டிலேயே நல்ல வரி அதுதான்.

டாக்டர் எழுதிய கிருமி மாத்திரைகளை எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்தாதீர்கள். வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சளியைச் சுரக்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டினை அவை குறைத்துவிடும். மலம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, எடை குறைந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். மாத்திரைகள் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.