பணம் பக்கத்துத் தெருவுக்கே போவதில்லை

கோபியிலிருந்து ஒரு மாணவர் எழுதியது: "ஐயா, எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். பங்குச்சந்தை பெரிதாக இருக்கும் நாடுகள் வேகமாக வளர்கின்றனவா? சந்தையை அதன் போக்கில் விட்டாலே பணம் திறமைசாலியின் கைக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். நம் திருப்பூரே அதற்குச் சாட்சி இல்லையா?"

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெவின், செர்வோஸ் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 47 நாடுகளை வைத்து 1998இல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். வளர்ச்சியோடு ஒட்டிப்போவது சந்தையின் அளவு இல்லை, அங்கே பங்குகளின் கைமாற்றம் எவ்வளவு நடக்கிறது என்பதும் வங்கிகள் எவ்வளவு கடன் தருகின்றன என்பதும்தான். அதிலும் எது காரணம், எது விளைவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் திருப்பூரைச் சாட்சிக்கு இழுத்தீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். திருப்பூரைப் பற்றிப் பேசுகிறவர் பொருளியலாளர்கள் பானர்ஜியும் முன்ஷியும் 2004இல் எழுதியதைப் படிக்காமல் இருக்கலாமா? பனியன் ஏற்றுமதியாளர்களை ஆராய்ந்து அவர்கள் கண்டது இதுதான்: தொழிலில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், இந்தப் பக்கத்து விவசாயச் சாதியான கவுண்டர்களின் கம்பெனிகளில் வெளியாட்களின் கம்பெனிகளைவிடப் போட்ட முதல் அதிகம். வெளியாள் சிறிதாகத் தொடங்குகிறார், ஆனால் வேகமாக வளர்ந்து சில வருடங்களில் ஏற்றுமதியில் முந்திவிடுகிறார். அப்போதும் போட்ட முதல் குறைவாக இருப்பது அவரிடம்தான். திறமை ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் தம்பி. காடு கழனியில் விவசாயம் செய்து சம்பாதித்த பணம் உறவுக்குள்ளேயே சுற்றியது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. பல்லடத்தில் அப்பாவுக்குத் தறி ஓடிய காலம். திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்த ஒருவர் வருவார், தெற்கத்திக்காரர். துணியை விரலிடுக்கில் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு "ஜிஎஸ்எம் கம்மிங்க" என்பார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். தராசில் போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். நாலு ஓவர்லாக் மெஷின் வாங்கப் பணம் கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. அதே மாதம் என் சித்தப்பா மகனுக்கு ஒரு புரோநோட்டுகூட இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவனுக்குக் காஜாவும் தெரியாது, கட்டிங்கும் தெரியாது. ரெண்டே வருடத்தில் மெஷின்களை விற்றுவிட்டான்.

அப்பா கெட்டவர் இல்லை. "அந்தாளு ஓடிட்டா எங்கடா போய்த் தேடுவேன்? இவன்னா மாரியம்மன் நோம்பிக்காவது ஊருக்கு வந்துதானே ஆகணும்" என்றார். கேட்கிறவனை நம்புவதற்கு அவருக்கு வேறு வழியே இல்லை. இதைத்தான் உங்கள் பாடப்புத்தகம் தகவல் குறைபாடு என்று ஒரு வரியில் கடந்துபோகிறது.

1990இல் அமெரிக்கப் பொருளியலாளர் லூகாஸ் ஒரு கணக்குப் போட்டார். பாடப்புத்தக மாதிரிப்படி பார்த்தால் இந்தியாவில் போடும் முதலுக்கு அமெரிக்காவைப்போல 58 மடங்கு விளைச்சல் வரவேண்டும். அப்படியானால் பணம் ஏன் இங்கே கொட்டவில்லை என்று கேட்டார். எங்கள் திண்ணைக்கும் அவருக்கும் ஒரே கேள்விதான். பல்லடத்துப் பணம் பதினைந்து கிலோமீட்டர் தாண்டித் திருப்பூர் செக்கிங் டேபிளுக்குப் போகாதபோது, நியூயார்க் பணம் கடல் தாண்டித் தானாக வந்துவிடும் என்கிறீர்களா? லெவின், செர்வோஸ் மாதிரி நாட்டுச் சராசரிகளை அடுக்கி வரையும் கோட்டில் அந்தச் செக்கிங்காரர் எங்கே தெரிவார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள் கண்ணு. இந்த வயதில் இப்படிக் கேள்வி கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கடைவீதியான காதர்பேட்டைக்குப் போங்கள். கடை கடையாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் மெஷினுக்குப் பணம் யார் கொடுத்தது? கிடைக்கும் பதில்களை ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.